பட்டமும் தவணையும்

நுழையும்முன்

மேனிலைக் கல்வியை முடிக்கும் மாணவர் எந்தப் படிப்பில், எந்தக் கல்லூரியில் சேர்வது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அப்படிப்பிற்காகக் கடன் வாங்க நேர்ந்தால் அம்முடிவு குடும்பம் முழுமைக்கும் உரியதாகிவிடுகிறது. தொடர்பியல் படிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கல்விக்கடனையும் பின்னர் ஈட்டும் ஊதியத்தையும் எடைபோடும் முறையை இப்பாடம் விளக்குகிறது. இதில் வரும் குடும்பமும் தொகைகளும் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. கணக்கிடும் முறை வங்கிகள் பின்பற்றும் முறையே.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது. திண்டுக்கல்லை அடுத்த ஓர் ஊரில் வாழும் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். தந்தை சரக்கு வண்டி ஓட்டுகிறார். தாய் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவை அவள் கைப்பேசியில் படம்பிடித்துத் தொகுத்த காட்சிப்பதிவை ஊரே பார்த்தது. அவளுக்குக் காட்சித் தொடர்பியல் படிக்க வேண்டும். அவளுடைய தம்பி ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான்.

வீட்டின் முன்னே இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, சென்னையிலுள்ள தனியார் கல்லூரி. கட்டணமும் விடுதிச் செலவும் சேர்த்து ஆண்டிற்கு 1,50,000 ரூபாய். மற்றொன்று, பேருந்தில் சென்று வரும் தொலைவிலுள்ள அரசு உதவிபெறும் கல்லூரி. அங்கு எல்லாச் செலவும் சேர்ந்து ஆண்டிற்கு 30,000 ரூபாய். முன்னதில் பெரிய படப்பிடிப்புக் கூடம் இருக்கிறது, பின்னதில் இரண்டு ஒளிப்படக்கருவிகளும் சில கணினிகளுமே இருக்கின்றன. கையில் சேமிப்பு இல்லை. எதில் சேர்ந்தாலும் வங்கிக்குப் போக வேண்டும்.

இந்நிலையில் பெரும்பாலான வீடுகளில், “கடன் கிடைக்குமா?” என்னும் கேள்வியே முதலில் எழுகிறது. கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடுகின்றனர். “எத்தனை ரூபாய்த் தவணை? அதை எந்த ஊதியத்திலிருந்து கட்டுவது?” என்னும் கேள்விகள் நான்கு ஆண்டுகள் கழித்தே எழுகின்றன. அப்போது விடை மாற்ற முடியாததாகிவிடுகிறது.

படிப்பும் பணியும்

இதழியல், வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், ஒளிப்படக்கலை, படத்தொகுப்பு, வரைகலை, அசைவூட்டம், மக்கள் தொடர்பு ஆகியவற்றைத் தன்னுள் அடக்கியது தொடர்பியல். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இது பெரும்பாலும் காட்சித் தொடர்பியல் என்ற பெயரில் மூன்றாண்டு இளநிலைப் பட்டமாகக் கற்பிக்கப்படுகிறது. மாணவர் வழக்கில் இதற்கு ‘விஸ்காம்’ என்று பெயர்.

மருத்துவம் படித்தவரே மருத்துவராகலாம், சட்டம் படித்தவரே வழக்கறிஞராகலாம். அவ்வாறு சட்டம் வேலியிட்ட துறைகளில் தொடர்பியல் ஒன்றன்று. செய்தியாளராவதற்கோ படத்தொகுப்பாளராவதற்கோ இப்பட்டம் கட்டாயம் இல்லை. வரலாறு படித்தவரும் தமிழ் படித்தவரும் செய்தித்தாளில் பணிபுரிகின்றனர். திருமண ஒளிப்படக் கலைஞரிடம் உதவியாளராகச் சேர்ந்து ஒளிப்பதிவாளரானவரும் உண்டு. இத்துறையில் வேலை தருவோர் பட்டச் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே, “நீங்கள் செய்த வேலை ஏதேனும் காட்டுங்கள்” என்று கேட்கின்றனர். எடுத்த குறும்படம், எழுதிய செய்திக்கட்டுரை, வடிவமைத்த சுவரொட்டி ஆகியன சான்றிதழுக்கு இணையாக, சில இடங்களில் அதனினும் மேலாக மதிக்கப்படுகின்றன.

அதனால் பட்டம் பயனற்றது என்று கொள்ளுதல் தவறு. மூன்றாண்டுகள் கருவிகளோடு பழகவும், பிழை செய்து திருத்திக்கொள்ளவும், ஒத்த ஆர்வம் உடையவர்களோடு சேர்ந்து இயங்கவும் கல்லூரி இடம் தருகிறது. பிற்காலத்தில் வேலைக்கு அழைப்பவர் பெரும்பாலும் உடன்படித்தவராகவோ மூத்த மாணவராகவோ இருக்கிறார். ஆயினும் ஒரு பட்டம் வாயிற்கதவின் ஒரே சாவியாக இல்லாதபோது, அதற்குத் தரும் விலையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊதியம் வரும் விதம்

அரசுப் பணியில் ஊதியம் படிக்கட்டுப்போல உயர்கிறது. எந்த ஆண்டில் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். தொடர்பியல் துறையில் ஊதியம் மலைப்பாதைபோல வளைந்து செல்கிறது. முதலில் பயிற்சியாளர் என்ற பெயரில் சிறுதொகையோ போக்குவரத்துச் செலவு மட்டுமோ தரும் இடங்கள் இருக்கின்றன. பின்னர் உதவியாளர் நிலை. அதன்பின் சிலர் விரைவாக மேலேறுகின்றனர், சிலர் அதே நிலையில் நெடுங்காலம் நிற்கின்றனர், சிலர் வேறு துறைக்குச் சென்றுவிடுகின்றனர்.

மாத ஊதியம் இல்லாமல் பணிக்கேற்பக் கூலி பெறுவோரும் இத்துறையில் மிகுதி. அவர்களுக்கு வைகாசியிலும் ஆவணியிலும் திருமணப் பணிகள் குவிகின்றன, ஆடியிலும் மார்கழியிலும் கை ஓய்ந்திருக்கிறது. வேலையை முடித்துக் கொடுத்த பின்பும் பணம் வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதுண்டு. ஒளிப்படக்கருவி, வில்லை, கணினி ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கவும் வேண்டும். தச்சருக்கு உளிபோல அவை தொழிற்கருவிகள். அவற்றுக்கான செலவு கல்லூரிக் கட்டணப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

ஆகவே, இத்துறையில் நுழைவோர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறிது கைத்தாராளத்தோடு இருக்க வேண்டியிருக்கிறது. குறைந்த ஊதியமாயினும் நன்றாகக் கற்றுத்தரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும், ஒரு குறும்படத்திற்காகச் சில வாரங்களை ஒதுக்கவும், சரியில்லாத இடத்தை விட்டு விலகவும் அவர்களுக்கு இயல வேண்டும். பின்னாளில் நல்ல ஊதியம் பெறுவோர் பலருக்கு அந்த உயர்வு இத்தகைய தொடக்கத்திலிருந்தே வந்திருக்கிறது.

கடன் வளரும் விதம்

கல்விக்கடனுக்கு இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த முன்மாதிரித் திட்டத்தையே பெரும்பாலான வங்கிகள் பின்பற்றுகின்றன. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பெற்றோர் தம் பங்காக எத்தொகையும் செலுத்த வேண்டியதில்லை. 7.5 லட்சம் ரூபாய் வரை வீடு, நிலம் போன்ற சொத்துகளை ஈடு வைக்க வேண்டியதில்லை. பெற்றோர் இணைக் கடனாளராகக் கையொப்பமிடுகின்றனர். படிக்கும் காலத்திலும், படிப்பு முடிந்து ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன்பின் 15 ஆண்டுகளுக்குள் கடனைத் தீர்க்கலாம்.

தவணை கட்ட வேண்டாத இந்தக் காலத்தைப் பலர் வட்டி இல்லாத காலம் என்று கருதிவிடுகின்றனர். கடன் பெற்ற நாள் முதலே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தக் காலம் முழுமைக்கும் தனிவட்டி கணக்கிடப்பட்டு, இறுதியில் அசலோடு சேர்க்கப்படுகிறது.

அம்மாணவி சென்னைக் கல்லூரியில் சேர்கிறாள் என்றும், ஆண்டுத் தொடக்கந்தோறும் 1,50,000 ரூபாயாக மொத்தம் 4,50,000 ரூபாய் கடன் பெறுகிறாள் என்றும், வட்டி 10 விழுக்காடு என்றும் கொள்வோம். படிப்பு மூன்றாண்டு, அதன்பின் ஓராண்டு, ஆக நான்காண்டுகள். முதலாண்டில் பெற்ற தொகைக்கு நான்காண்டு வட்டி 60,000 ரூபாய். இரண்டாமாண்டுத் தொகைக்கு மூன்றாண்டு வட்டி 45,000 ரூபாய். மூன்றாமாண்டுத் தொகைக்கு ஈராண்டு வட்டி 30,000 ரூபாய். முதல் தவணை கட்டுவதற்கு முன்பே 1,35,000 ரூபாய் வட்டி சேர்ந்துவிடுகிறது. அவள் கட்டத் தொடங்கும் கடன் 5,85,000 ரூபாய்.

இதைப் பத்தாண்டுகளில் தீர்க்க எண்ணினால் மாதத் தவணை ஏறத்தாழ 7,731 ரூபாய். கட்டி முடிக்கையில் மொத்தம் 9,27,720 ரூபாய் செலுத்தியிருப்பாள். தவணை கனமாக இருக்கிறதென்று பதினைந்தாண்டுகளாக நீட்டினால் அது 6,286 ரூபாயாகக் குறைகிறது. மாதம் 1,445 ரூபாய் மிச்சம் என்பது கவர்ச்சியாகவே தோன்றும். ஆனால் மொத்தம் 11,31,480 ரூபாய் ஆகிவிடுகிறது. அந்தக் கவர்ச்சியின் விலை ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். பதினேழு வயதில் கையொப்பமிட நினைக்கும் கடன், அவளுடைய முப்பத்தாறாம் வயது வரை உடன்வரும்.

இப்போது ஊதியத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். படிப்பு முடித்து ஓராண்டில் சென்னையில் ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தில் மாதம் 15,000 ரூபாய் ஊதியத்தில் அவள் பணியில் இருக்கிறாள் என்று கொள்வோம். பத்தாண்டுத் தவணை போக அவள் கையில் எஞ்சுவது 7,269 ரூபாய். அதற்குள் விடுதி வாடகை, உணவு, பேருந்துக் கட்டணம், கைப்பேசிக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். வீட்டிற்கு அனுப்ப எதுவும் இல்லை. தவணை தவறினால் அது அவள் பெயரிலும் தந்தையின் பெயரிலும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறுகிறது. நாளைக்குத் தந்தை வண்டி வாங்கவோ தம்பி கல்லூரிக்குச் செல்லவோ கடன் கேட்கும்போது அப்பதிவு குறுக்கே நிற்கும்.

மாதந்தோறும் குறித்த நாளில் 7,731 ரூபாய் கட்டியாக வேண்டியவள், குறைந்த ஊதியத்தில் நன்றாகக் கற்றுத்தரும் இடத்தை ஏற்க முடியாது. குறும்படத்திற்கு விடுப்பு எடுக்க முடியாது. கேட்ட ஊதியம் எங்கே கிடைக்கிறதோ, அது எந்தப் பணியாயினும், அங்கே போயாக வேண்டும். படச்சுருளோடு தொடர்பே இல்லாத அழைப்பு மையப் பணியில் தொடர்பியல் பட்டதாரிகள் அமர்ந்திருப்பதற்குத் திறமைக்குறைவைக் காரணமாகக் கூறுவது எளிது. அவர்களுள் சிலரிடம் தவணை அட்டையைக் காட்டச் சொன்னால் காரணம் விளங்கும். இத்துறையில் வளர எந்தக் கைத்தாராளம் தேவையோ, அதையே பெருங்கடன் முதலில் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

ஒரே வகுப்பு, நான்கு எண்கள்

“எங்கள் மாணவரின் சராசரி ஊதியம் 25,000 ரூபாய்” என்று ஒரு கல்லூரியின் விளம்பரம் கூறலாம். அது பொய்யாக இல்லாமலேயே நம்மை வழிதவறச் செய்யக்கூடும்.

பத்துப் பேர் படித்த வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்வோம். படிப்பு முடிந்தபின் இருவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஏனைய எண்மரின் மாத ஊதியம் முறையே 10,000, 12,000, 12,000, 15,000, 15,000, 18,000, 25,000, 93,000 ரூபாய். இறுதியாக உள்ளவர் பெருநிறுவனம் ஒன்றில் செயலி வடிவமைப்பாளராகச் சேர்ந்தவர். இவற்றின் கூடுதல் 2,00,000 ரூபாய். வேலை பெற்ற எட்டுப் பேரால் வகுத்தால் சராசரி 25,000 ரூபாய். வகுப்பிலிருந்த பத்துப் பேராலும் வகுத்தால் 20,000 ரூபாய்.

புள்ளியியலில் இடைநிலை அளவு என்பதைக் கணக்குப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பதைக் காண்பது அது. வேலை பெற்ற எட்டுப் பேருக்கு இடைநிலை அளவு 15,000 ரூபாய். பத்துப் பேருக்கும் கண்டால் 13,500 ரூபாய். ஆக, ஒரே வகுப்பைப் பற்றி 25,000, 20,000, 15,000, 13,500 என்னும் நான்கு எண்களைச் சொல்லலாம். நான்கும் உண்மை. ஆனால் அவ்வகுப்பில் 25,000 ரூபாயோ அதற்கு மேலோ பெறுவோர் இருவர்தாம்.

திரைத்துறை, ஊடகம், விளம்பரம் ஆகிய துறைகளில் உச்சியில் இருப்போரின் வருவாய்க்கும் தொடக்கநிலையில் இருப்போரின் வருவாய்க்கும் இடையிலான தொலைவு மிகப்பெரிது. ஆகையால் சராசரி இங்கே கூடுதலாக ஏமாற்றும். புகழ்பெற்ற இயக்குநர் ஒருவர் தம் கல்லூரியில் படித்தவர் என்று கூறும் விளம்பரமும் இவ்வகையினதே. தொண்ணூற்று மூவாயிரத்தை நம்பித் தவணை எழுதிக்கொடுத்தவர் பன்னிரண்டாயிரத்திலிருந்து அதைக் கட்ட நேரலாம்.

எண்களைத் தேடும் இடம்

இந்தியாவில் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. முதல் தரவரிசை 2016இல் வெளிவந்தது. சுருக்கமாக ‘என்.ஐ.ஆர்.எஃப்’ எனப்படும் இதில் பங்குபெறும் கல்லூரிகள், தாம் அளித்த தரவுகளைத் தம் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். எத்தனை பேர் படிப்பை முடித்தனர், எத்தனை பேர் வேலை பெற்றனர், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றனர், வேலை பெற்றோரின் இடைநிலை ஊதியம் எவ்வளவு என்பன அத்தரவுகளில் இருக்கின்றன. விளம்பரத் தாளை விட்டுவிட்டு இந்த ஆவணத்தைத் திறந்து பார்ப்பது நல்ல தொடக்கம்.

அதையும் விழிப்போடு படிக்க வேண்டும். அங்குத் தரப்படுவது வேலை பெற்றோரின் இடைநிலை ஊதியம் மட்டுமே. மேலும், மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் அனைத்திற்கும் சேர்த்தே ஓர் எண் தரப்படுகிறது. வணிகவியல் மாணவரும் கணினி அறிவியல் மாணவரும் தொடர்பியல் மாணவரும் அந்த ஓர் எண்ணுக்குள் இருக்கின்றனர். தொடர்பியல் துறைக்கு மட்டும் உரிய எண்ணை அத்துறையின் தலைவரிடமும், அண்மையில் படித்து வெளியேறிய மாணவரிடமும் நேரில் கேட்டே அறிய வேண்டும்.

அமெரிக்காவில் இது சற்று எளிது. அந்நாட்டுக் கல்வித்துறை 2015 முதல் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்னும் இணையதளத்தில் பட்டதாரிகளின் இடைநிலை வருமானத்தை வெளியிடுகிறது. பின்னர்ப் பாடப்பிரிவு வாரியாகவும் வருமானமும் கடனும் அதில் சேர்க்கப்பட்டன. ஒரு கல்லூரியின் தொடர்பியல் பட்டதாரி எவ்வளவு கடனோடு வெளியேறுகிறார், எவ்வளவு ஈட்டுகிறார் என்பதை அங்குள்ள மாணவர் வீட்டிலிருந்தே காணலாம். அவர்களுக்கு அதன் தேவையும் மிகுதி. அந்நாட்டு மைய அரசுக்கு மாணவர் செலுத்த வேண்டிய கடன் 1.6 லட்சம் கோடி டாலருக்கும் மேற்பட்டது. கடனாளர் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர்.

எட்டு விழுக்காடு என்னும் அளவுகோல்

ஊதியத்தில் எவ்வளவு பங்கு தவணைக்குப் போகலாம்? அமெரிக்கக் கல்வித்துறை 2014இல் வெளியிட்ட விதி ஒன்று இதற்கு ஓர் அளவு வைத்தது. தொழிற்பயிற்சிப் படிப்புகளுக்கும் இலாப நோக்கில் இயங்கும் கல்லூரிகளுக்கும் உரிய அவ்விதியின்படி, பட்டதாரிகளின் தவணை அவர்களது ஆண்டு வருமானத்தில் 8 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும், அல்லது அடிப்படைத் தேவைகள் போக எஞ்சும் வருமானத்தில் 20 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து இந்த எல்லையை மீறும் படிப்பு அரசின் மாணவர் உதவியை இழக்கும். அரசு மாறியபோது 2019இல் அவ்விதி நீக்கப்பட்டது. 2023இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. கல்லூரிகளும் அரசும் இதைப் பற்றி வழக்காடியதைப் பார்க்கும்போதே இந்த எண்ணின் வலிமை தெரிகிறது.

அந்த அளவுகோலை நம் மாணவியின் கணக்கின்மேல் வைத்துப் பார்க்கலாம். மாதம் 15,000 ரூபாயில் 8 விழுக்காடு 1,200 ரூபாய். சென்னைக் கல்லூரியின் பத்தாண்டுத் தவணையோ 7,731 ரூபாய். ஊதியத்தில் பாதிக்கும் மேல். அவ்வளவு தவணை 8 விழுக்காட்டிற்குள் அடங்க வேண்டுமானால் அவள் மாதம் ஏறத்தாழ 96,600 ரூபாய் ஈட்ட வேண்டும். மேலே கண்ட பத்துப் பேர் வகுப்பில் தொண்ணூற்று மூவாயிரம் பெற்றவரும் அந்த எல்லையைத் தொடவில்லை.

அயல்நாட்டு அளவுகோலை அப்படியே நம் நாட்டில் வைக்கலாகாது என்று கூறுவோர் உண்டு. நம் இளைஞர் பலர் பெற்றோரோடு தங்கியிருப்பதால் செலவு குறைவு என்பர். அது ஓரளவு உண்மை. ஆனால் ஊடகப் பணிகள் பெரும்பாலும் சென்னையில் குவிந்திருப்பதால் திண்டுக்கல் மாணவிக்கு அந்தச் சலுகை இல்லை. குறைந்த ஊதியத்தில் உணவுக்கும் உறைவிடத்திற்கும் போகும் பங்கு கூடுதல் என்பதால் இன்னும் இறுக்கமான அளவே நமக்குப் பொருந்தும் என்றும் வாதிடலாம்.

தவணை சிறுத்தபோது

உள்ளூர்க் கல்லூரியின் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. ஆண்டிற்கு 30,000 வீதம் 90,000 ரூபாய் கடன் பெற்றால், நான்காண்டு முடிவில் வட்டி 27,000 சேர்ந்து 1,17,000 ரூபாய். பத்தாண்டுத் தவணை 1,546 ரூபாய். ஐந்தே ஆண்டுகளில் தீர்க்க விரும்பினாலும் 2,486 ரூபாய்தான்.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாணவருக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டிற்கு 12,000 ரூபாய் என்பதைச் சிறுதொகை என்று கருதுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அத்தொகையைச் செலவில் கழித்தால் அவள் ஆண்டுதோறும் 18,000 ரூபாய் மட்டும் கடன் பெற்றால் போதும். மூன்றாண்டுக் கடன் 54,000. வட்டியோடு 70,200. பத்தாண்டுத் தவணை 928 ரூபாய். இது 15,000 ரூபாய் ஊதியத்தில் 6 விழுக்காட்டைச் சற்றே கடக்கிறது. அளவுகோலுக்குள் அடங்குவது இது ஒன்றுதான்.

சென்னைக் கல்லூரியே வேண்டும் என்று முடிவு செய்தாலும் சுமையைக் குறைக்க வழி உண்டு. படிக்கும்போதே வட்டியைக் கட்டிவரலாம். முதலாண்டில் மாதம் 1,250 ரூபாயும், இரண்டாமாண்டில் 2,500 ரூபாயும், அதன்பின் 3,750 ரூபாயும் கட்டினால் கடன் 4,50,000 ரூபாயைத் தாண்டாது. பத்தாண்டுத் தவணை 5,947 ரூபாயாகக் குறையும். இவ்வாறு கட்டுவோருக்கு வட்டியில் 1 விழுக்காடு சலுகை தரும் வங்கிகளும் உண்டு. ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக்கால வட்டியை ஏற்கும் மைய அரசுத் திட்டமும் இருக்கிறது. ஆனால் அது தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்விக்கு உரியது. கல்லூரி தேசியத் தர மதிப்பீடு பெற்றதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் உண்டு. ஆகவே தாம் சேரும் படிப்பும் கல்லூரியும் அதில் அடங்குமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே வங்கி மேலாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. சேர்ந்த பின்பு கேட்டு ஏமாறுவோரே மிகுதி.

சுற்றுவழி ஒன்றும் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ வரலாறோ குறைந்த செலவில் படித்துவிட்டு, பின்னர் இதழியலில் மேற்படிப்பு மேற்கொள்ளலாம். திரைத்தொழில்நுட்பமே விருப்பம் என்றால் சென்னைத் தரமணியில் அரசு நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கு இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. செலவோ தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட இயலாத அளவு குறைவு.

கணக்கில் அடங்காதவை

பெரிய படப்பிடிப்புக் கூடத்திற்கு விலை இல்லையா என்று அம்மாணவி கேட்கக்கூடும். உண்டு. நல்ல ஆசிரியர், நல்ல கருவி, நிறுவனங்களோடு தொடர்பு ஆகியன முதல் ஊதியத்தை உயர்த்தக்கூடும். எவ்வளவு உயர்த்தும் என்பதுதான் கேள்வி. இரு கல்லூரிகளின் பத்தாண்டுத் தவணைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு மாதம் 6,185 ரூபாய். சென்னைக் கல்லூரியில் படித்தவர் உள்ளூர்க் கல்லூரியில் படித்தவரைவிட மாதம் அவ்வளவாவது கூடுதலாக, அதுவும் முதலாண்டிலிருந்தே, ஈட்டினால்தான் இரண்டும் சமமாகின்றன. அதற்கு ஆதாரம் கிடைத்தால் சென்னைக்குச் செல்வதில் தவறில்லை. கட்டடத்தின் உயரம் அதற்கு ஆதாரமாகாது.

வேறு சிலவும் எண்ணுக்குள் வருவதில்லை. ஊரைவிட்டு வெளியேறித் தனித்து வாழக் கற்றுக்கொள்வது ஒரு பெண்ணுக்குத் தரும் துணிவை எந்த விழுக்காட்டில் எழுதுவது? விரும்பிய படிப்பைப் படிக்காமல் விட்ட ஏக்கத்தை எந்த வட்டியில் கணக்கிடுவது? இவற்றைப் புறந்தள்ள வேண்டியதில்லை. தவணைத் தொகையைத் தெரிந்துகொண்டு அதன்பின் இவற்றை எடைபோடுபவர், தாம் எதை எதற்காகத் தருகிறோம் என்று அறிந்து தருகிறார். தெரியாமல் கையொப்பமிடுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழியும் போடாதே என்று கூறவில்லை.

சென்னைக் கல்லூரியின் விண்ணப்பத்திற்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. வங்கியிலிருந்து வாங்கிவந்த கடன் படிவம் தையல் இயந்திரத்தின்மேல் கிடக்கிறது. பெயரும் முகவரியும் எழுதப்பட்டிருக்கின்றன, தொகைக்குரிய கட்டம் மட்டும் நிரப்பப்படவில்லை. அக்கல்லூரியில் தொடர்பியல் படித்து ஈராண்டுகளுக்கு முன் வெளியேறிய பெண் ஒருத்தியின் எண்ணைத் தந்தை தம் நண்பர் வழியாகத் தேடிப் பெற்றிருக்கிறார். மகள் கைப்பேசியை எடுத்து அழைக்கிறாள். முதலில் பாடங்களைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் கேட்கிறாள். பின்னர்ச் சற்றுத் தயங்கி, “அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் கையில எவ்வளவு வந்துச்சு?” என்கிறாள். தாய் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதுகொடுக்கிறார்.